சீட்டு கிடைச்சா போதுமா, தங்க இடம் வேணாமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கூத்தாநல்லூரில் பேசியது)

 

எனக்கு முன்னாடி பேசினவங்க கறவை மாடு, தையல், வங்கிக் கடன் பத்தியெல்லாம் நல்லாப் பேசினாங்க. நான் பேசப் போறது நம்ம பிள்ளைங்க சென்னைக்குப் படிக்கப் போனா எங்க தங்குறது, தினமும் எப்படிப் போய் வர்றதுங்கிறதைப் பத்தி. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. ஆனா என் நாத்தனார் மகளைச் சென்னையில் கல்லூரியில் சேர்க்க நானும் கூடப் போய், நாலு நாள் தெருத் தெருவா இடம் தேடினேன். அதுக்கப்புறம் அக்கம்பக்கத்துல யாரு பிள்ளைக்குச் சென்னையில சீட்டு கிடைச்சாலும் என்கிட்ட வந்து கேக்குறாங்க. அவங்ககிட்ட சொன்னதையெல்லாம் சேர்த்துத்தான் இன்னைக்குச் சொல்றேன்.

முதல்ல பணத்தைச் சொல்றேன். மேட்டூர் அணை ஜூன் 12-ல திறக்கணும்னு இருக்கு. தண்ணி வருதுன்னா வீட்டுல இருக்கிற காசு எல்லாம் குறுவைக்கு உழவு, விதை, உரம்னு வயலுக்குள்ள போயிடும். கையில காசு பாக்குறது சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்துல போட்ட பிறகு தை, மாசியிலதான். கல்லூரி சேர்க்கை எப்ப வருது? அதே ஜூன், ஜூலையில. கல்லூரிக் கட்டணம், விடுதி அட்வான்ஸ், பாய் தலகாணி, பஸ் டிக்கெட் எல்லாம் ஒரே வாரத்துல வந்து நிக்கும். அந்த வாரத்துல நம்ம வீடுகள்ல காதுல கழுத்துல கிடக்கிறதுதான் அடகுக் கடைக்குப் போகுது. அதுவும் இல்லாதவங்க என்ன செய்வாங்க?

என்ன செய்வாங்கங்கிறதை நான் பார்த்திருக்கேன். பக்கத்துக் கிராமத்துல ஒரு பொண்ணு. பன்னிரண்டாவதுல நல்ல மார்க். சென்னையில அரசு மகளிர் கல்லூரியிலேயே இடம் கிடைச்சுது. கட்டணம் அதிகமில்ல, அதைக் கட்டிடலாம். கல்லூரி விடுதியில இடம் நிரம்பிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. வெளியில தனியார் விடுதியில அட்வான்ஸ் கேட்டாங்க. அங்க யாரையும் தெரியாது, தெரியாத இடத்துல வயசுப் பொண்ணை எப்படி விடுறதுன்னு அப்பாவுக்குப் பயம். கடைசியில அந்தப் பொண்ணு போகல. அடுத்த வருஷம் கல்யாணம் ஆயிடுச்சு. படிப்பு வரலன்னோ, சீட்டு கிடைக்கலன்னோ அந்தப் பொண்ணு நிக்கல. படுக்க ஒரு கட்டில் கிடைக்காம நின்னுடுச்சு. அந்தப் பொண்ணோட அம்மா ஒரு குழுவுல உறுப்பினர். குழுவுல சேமிப்பு இருந்துச்சு. ஆனா இதையெல்லாம் குழுவுல கேக்கலாம்னு அவங்களுக்கு யாரும் சொன்னதில்ல.

அதனாலதான் இதை நான் நம்ம குழுக்களோட வேலைன்னு சொல்றேன்.

சென்னைக்குத்தான் போகணும்னு நான் சொல்ல வரல. திருவாரூர்ல திரு.வி.க. அரசு கலைக் கல்லூரி இருக்கு. மன்னார்குடியில ராஜகோபால சுவாமி அரசு கலைக் கல்லூரி இருக்கு. தஞ்சாவூர்ல குந்தவை நாச்சியார் மகளிர் கல்லூரி இருக்கு. நீலக்குடியில மத்தியப் பல்கலைக்கழகமே இருக்கு. பிள்ளை கேக்குற படிப்பு இங்க இருந்தா இங்கயே படிக்கட்டும். ஒரு செய்தியை எல்லாரும் குறிச்சுக்கங்க. பட்டப்படிப்பு வரைக்கும் படிக்கிற பெண் பிள்ளைகளுக்கு, வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையில இரண்டாம் வகுப்பு ரயில் சீசன் டிக்கெட் இலவசம்னு ரயில்வேயில விதி இருக்கு. கல்லூரியில சான்று வாங்கி ஸ்டேஷன்ல கேக்கணும். கொரடாச்சேரியில ஏறித் தஞ்சாவூர் போற பொண்ணுங்களுக்கு இது பெரிய உதவி.

ஆனா சில படிப்பு சென்னையிலதான் இருக்கு. சில பிள்ளைக்குக் கலந்தாய்வுல அங்கதான் இடம் விழும். அப்ப பயந்துக்கிட்டு வேணாம்னு சொல்லக் கூடாது. அதுக்குத்தான் கீழே சொல்றதெல்லாம்.

முதல் விஷயம். இடத்தைத் தேடுறப்ப வாடகையை மட்டும் பாக்காதீங்க. கல்லூரிக்குப் போற வழியைப் பாருங்க.

சென்னை நம்ம ஊர் மாதிரி இல்ல. இங்க லெட்சுமாங்குடியிலேருந்து மன்னார்குடி போறதுன்னா ஒரே ரோடு, ஒரே பஸ். அங்க ஒரே தூரம் ஒரு வழியில அரை மணி, இன்னொரு வழியில ஒன்றரை மணி. கணக்குப் போட்டுப் பாருங்க. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணின்னா ஒரு நாளைக்கு 3 மணி நேரம். மாசம் 25 நாளுக்கு 75 மணி நேரம். அரை மணி தூரத்துல தங்கினா 25 மணிதான். மிச்சம் 50 மணி நேரம் அந்தப் பிள்ளை படிக்கலாம், தூங்கலாம். வாடகையில கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறோம்னு தூரமா போட்டா, அந்த 50 மணி நேரத்தை நாமதான் பிடுங்குறோம்.

அதனால ரயில் பாதையை ஒட்டித் தேடுங்க. செங்கல்பட்டு, தாம்பரம், கிண்டி, எழும்பூர், கடற்கரைன்னு மின்சார ரயில் ஒரே கோட்டுல போகுது. குறைஞ்ச டிக்கெட்டே 5 ரூபாய்தான். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில படிக்கிற பிள்ளை தாம்பரத்துல தங்கினா இரண்டாவது ஸ்டேஷன்ல இறங்கிடலாம். ராணி மேரி கல்லூரின்னா அது 1914-ல ஆரம்பிச்ச கல்லூரி, மெரினா கடற்கரை ரோட்டுல இருக்கு. பக்கத்துலயே கலங்கரை விளக்கம் ஸ்டேஷன். அந்தப் பிள்ளைக்கு வேளச்சேரியிலேருந்து போற பறக்கும் ரயில் பாதையில திருவான்மியூர், மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கம் தேடணும். கல்லூரி எங்க இருக்கு, பக்கத்து ஸ்டேஷன் எது, அந்தப் பாதையில நாலஞ்சு ஸ்டேஷனுக்குள்ள எங்க விடுதி இருக்குன்னு இந்த வரிசையில தேடுங்க.

பஸ் செலவையும் சொல்றேன். 2021 மே மாசத்துலேருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு இலவசம். இது நம்ம ஊர்ல மட்டும் இல்ல, சென்னை மாநகரப் பஸ்லயும் உண்டு. எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், ஏசி பஸ்ல கிடையாது. ஆகவே பொண்ணைச் சென்னைக்கு அனுப்பினா தினப்படி பஸ் செலவுக்கு என்ன பண்றதுன்னு கவலைப்பட வேண்டியதில்ல. பையன்கள் அரசு கல்லூரியில படிச்சா இலவசப் பஸ் பாஸ் உண்டு, தனியார் கல்லூரின்னா பாதிக் கட்டணச் சலுகை உண்டு. ரெண்டுமே கல்லூரி மூலமாத்தான் வாங்கணும்.

இடம் பாக்கப் போற அன்னைக்கு ஒரு வேலை செய்யணும். விடுதிக்காரங்க "பத்து நிமிஷத்துல போயிடலாம்"னு சொல்லுவாங்க. அந்தப் பேச்சை நம்பாம, காலை எட்டு மணிக்கு அந்த வாசல்லேருந்து கிளம்பி, கல்லூரி வாசல் வரைக்கும் பிள்ளையோட போய்ப் பாத்துடுங்க. என் நாத்தனார் மகளுக்கு முதல்ல பாத்த இடத்துல அப்படித்தான் சொன்னாங்க. நாங்க போய்ப் பார்த்தோம். நடை, ஷேர் ஆட்டோ, பஸ், மறுபடி நடைன்னு முக்கால் மணி நேரம் ஆச்சு. அந்த இடம் வேணாம்னு வந்துட்டோம். சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கும் அதே தெருவுல நடந்து பாருங்க. தெரு விளக்கு எரியுதா, கடை திறந்திருக்கா, டாஸ்மாக் வாசலைத் தாண்டி வரணுமான்னு அப்பத்தான் தெரியும்.

இரண்டாவது, என்னென்ன மாதிரி இடம் இருக்குன்னு சொல்றேன்.

முதல்ல கல்லூரியோட சொந்த விடுதி. சேர்க்கைக்குப் போற அன்னைக்கே அதுக்கும் விண்ணப்பம் கொடுத்துடணும். கட்டணம் கட்டிட்டு ஊருக்கு வந்துட்டு அப்புறம் கேக்கலாம்னு விட்டா இடம் போயிடும்.

அடுத்தது அரசு விடுதிகள். ஆதிதிராவிடர் நலத்துறையும், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத்துறையும் கல்லூரி மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் தனித்தனியா விடுதி நடத்துறாங்க. 2025-ல இதுக்கெல்லாம் சமூகநீதி விடுதிகள்னு பேர் வச்சாங்க. தங்குறதும் சாப்பாடும் இலவசம். சாதிச் சான்று, வருமானச் சான்று வேணும். இந்தச் சான்றுக்கெல்லாம் பன்னிரண்டாவது ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே இ-சேவை மையத்துல எழுதிப் போட்டுடுங்க. ரிசல்ட் வந்த பிறகு போனா அங்க கூட்டம் தாங்காது.

மூணாவது தனியார் விடுதி. இதுலதான் ரொம்பப் பேர் தங்குறாங்க. பெண்கள் விடுதி நடத்துறவங்க மாவட்ட ஆட்சியர்கிட்ட உரிமம் வாங்கணும்னு 2014-லேயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு. அதனால உள்ள நுழைஞ்சதும், "உரிமம் இருக்கா, காட்டுங்க"ன்னு கேளுங்க. கேக்க வெக்கப்படாதீங்க. நம்ம குழுவுல தீர்மான நோட்டைக் காட்டுங்கன்னு அதிகாரி கேட்டா நாம காட்டுறதில்லையா? வார்டன் பெண்ணா, ராத்திரி யாரு இருக்காங்க, கேமரா எங்க இருக்குன்னு பாக்கணும். வாசல்ல, வராந்தாவுல கேமரா இருக்கணும். ரூமுக்குள்ள இருக்கக் கூடாது.

நாலாவது, மூணு நாலு பிள்ளைங்க சேர்ந்து வீடு எடுக்கிறது. சென்னையில பத்து மாச வாடகையை அட்வான்ஸா கேக்குறது ரொம்ப காலப் பழக்கம். 2019 பிப்ரவரியிலேருந்து புது வாடகைச் சட்டம் நடைமுறையில இருக்கு. அதுல வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், அதைப் பதிவு பண்ணணும், ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்காத வரைக்கும் மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கேக்கக் கூடாதுன்னு இருக்கு. அதனால கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வரியையும் படிக்கணும். பையன்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்சன்களும் உண்டு. வேலை தேடி வர்றவங்களும் படிக்கிறவங்களும் காலங்காலமா தங்குற இடம் அது.

படிப்பு முடிஞ்சு வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு அரசாங்கத்தோட தோழி விடுதிகள் தாம்பரத்துலயும் இருக்கு, நம்ம தஞ்சாவூர்லயும் இருக்கு. அதையும் தெரிஞ்சு வச்சுக்கங்க.

மூணாவது விஷயம், ரசீது. இதுல எங்க குடும்பத்துக்குப் பட்ட அனுபவம் உண்டு. என் நாத்தனார் மகள் முதல்ல தங்கின தனியார் விடுதியில அட்வான்ஸ் வாங்கினாங்க. ரசீது கேட்டப்ப, "நோட்டுல எழுதிட்டேன் போங்கம்மா"ன்னுட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு அந்தப் பிள்ளை கல்லூரி விடுதியில இடம் கிடைச்சு வெளியே வந்துச்சு. அட்வான்ஸைக் கேட்டா, சுவர்ல ஆணி அடிச்சது, பெயின்ட் போனது, ஒரு மாசம் முன்னாடியே சொல்லலன்னு ஒவ்வொண்ணாக் கழிச்சு, கடைசியில ஒண்ணுமே தரல. கையில காகிதம் இல்ல. எங்க போய் என்னத்தைக் காட்டுறது? நூறு ரூபாய் சந்தாவுக்குக்கூட பாஸ் புத்தகத்துல கையெழுத்து வாங்குறவங்க நாம. ஆயிரக்கணக்குல கொடுக்கிறதுக்குக் காகிதம் இல்லாம இருக்கலாமா?

அதனால பணத்தை முடிஞ்ச வரைக்கும் வங்கி மூலமாவோ ஜி-பே மூலமாவோ போடுங்க, அதுல சாட்சி இருக்கும். அட்வான்ஸ் எவ்வளவு, எதுக்கு எவ்வளவு கழிப்பாங்க, எத்தனை நாள் முன்னாடி சொல்லணும், லீவு மாசத்துல வாடகை உண்டா, சாப்பாட்டுக் காசு குறையுமா, கரண்டு தனியா, இதையெல்லாம் எழுதி வாங்குங்க. போனுல அழகா ரூம் படம் காட்டி, "இப்பவே அட்வான்ஸ் போட்டாத்தான் இடம், இல்லன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்"னு அவசரப்படுத்துனா, இடத்தை நேர்ல பாக்காம ஒரு ரூபாய் போடாதீங்க. அப்படி ஏமாந்தவங்க உடனே 1930-க்குப் போன் பண்ணணும்.

தண்ணியைக் கேக்க மறக்காதீங்க. 2019 கோடையில ஜோலார்பேட்டையிலேருந்து ரயில்ல சென்னைக்குத் தண்ணி கொண்டு வந்தாங்க. 2004-லேருந்து வீராணம் ஏரித் தண்ணி குழாய்ல சென்னைக்குப் போகுது. அது நம்ம காவிரித் தண்ணிதான். அப்படி இருந்தும் கோடையில பல இடத்துல லாரித் தண்ணிதான். "கோடையில தண்ணி எப்படி? போர் தண்ணி உப்பா?"ன்னு அங்க ஏற்கெனவே தங்கியிருக்கிற பிள்ளைங்ககிட்ட தனியாக் கேளுங்க. சாப்பாடு எப்படின்னும் அதுங்ககிட்டயே கேளுங்க. ஓனர் சொல்றதை விட அதுங்க முகம் உண்மையைச் சொல்லும்.

நாலாவது, ஊருக்குப் போய் வர்றது. 2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, நம்ம பக்கத்து பஸ் கோயம்பேடு வரைக்கும் போறதில்ல, கிளாம்பாக்கத்துலயே நின்னுடுது. அது வண்டலூர் பக்கம். அங்கேருந்து மாநகரப் பஸ் மாறணும். விடியறதுக்கு முன்னாடி பஸ் போய்ச் சேர்ந்துட்டா, வெளிச்சம் வர்ற வரைக்கும் முனையத்துக்குள்ளயே உட்கார்ந்திருக்கச் சொல்லுங்க. தெரியாத ஆட்டோவுல ஏற வேணாம். மன்னார்குடியிலேருந்து போற மன்னை எக்ஸ்பிரஸ் தாம்பரத்துல நிக்கும். அந்தப் பக்கம் தங்குற பிள்ளைங்க அங்கயே இறங்கி மின்சார ரயில் பிடிச்சுக்கலாம். தீபாவளி, பொங்கல், பெருநாளுக்கு ஊருக்கு வரணும்னா ரயில் முன்பதிவு எப்பத் திறக்குதுன்னு பாத்து அன்னைக்கே போடணும். ஆபத்துன்னா 112, பெண்கள் உதவிக்கு 181. இந்த ரெண்டு எண்ணும் போனுல இருக்கட்டும்.

அஞ்சாவது, வண்டி. பையன்கள் போனதும் முதல்ல கேக்குறது பைக். "எல்லாரும் வச்சிருக்காங்கம்மா"ன்னு சொல்லுவாங்க. இங்க டிவிஎஸ் எக்ஸெல்லை வாசல் வேப்பமரத்தடியில நிறுத்திட்டு நாம உள்ள போயிடுறோம். அங்க வண்டி ஓட்டுறது சுலபம், நிறுத்துறதுதான் கஷ்டம். பல விடுதியில வண்டிக்கு இடமே இல்ல, இருந்தா தனிக் காசு. சில கல்லூரியில மாணவர் வண்டியை உள்ள விடுறதில்ல. ரோட்டோரத்துல விட்டா, நோ பார்க்கிங்னு போலீஸ் அபராதம் போடும், வண்டியைத் தூக்கிட்டும் போயிடும். ஹெல்மெட் இல்லன்னா 1,000 ரூபாய் அபராதம். ரயில், மெட்ரோ ஸ்டேஷன் நிறுத்தத்துல விட்டா அதுக்கும் கட்டணம். பெட்ரோல், தவணை, நிறுத்துற காசு எல்லாம் கூட்டினா இன்னொரு ஆளுக்குச் சாப்பாட்டுச் செலவு ஆயிடும். அதனால என் யோசனை, முதல் வருஷம் வண்டி வேணாம். பஸ்ஸும் ரயிலும் பழகட்டும். அப்புறமும் வேணும்னா, "எங்க நிறுத்துவே, சொல்லு"ன்னு கேளுங்க. பதில் சொல்ல முடிஞ்சா வாங்கிக் கொடுங்க.

இப்ப நம்ம குழு என்ன செய்யலாம்னு சொல்லி முடிச்சுடுறேன்.

நம்ம ஊரை சின்ன சிங்கப்பூர்னு சொல்றாங்க. அந்தக் காலத்துல நம்ம ஊர் ஆம்பளைங்க நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனாங்க. பாஷை தெரியாத ஊருக்கு அவங்க எந்தத் தைரியத்துல போனாங்க? அங்க இறங்கினா நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இருப்பாரு, படுக்க ஒரு பாய் கிடைக்கும்ங்கிற தைரியம்தான். இன்னைக்கும் வளைகுடாவுக்குப் போற பையன் முதல்ல நம்ம ஊர்க்காரங்க ரூம்லதான் இறங்குறான். கடல் தாண்டிப் போற ஆம்பளைக்கு இருக்கிற ஏற்பாடு, ஒரு ராத்திரிப் பயணத்துல இருக்கிற சென்னைக்குப் போற பொண்ணுக்கு இல்ல. அந்த ஏற்பாட்டை நாமதான் செய்யணும். அதுக்கு மூணு வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒண்ணு, கூட்டமைப்பு அலுவலகத்துல ஒரு நோட்டு போடணும். நம்ம பகுதிப் பிள்ளைங்க எந்தக் கல்லூரியில படிக்குது, எந்த விடுதியில தங்குது, வாடகை என்ன, தண்ணி சாப்பாடு எப்படி, அட்வான்ஸ் திருப்பிக் கொடுத்தாங்களா, எல்லாத்தையும் எழுதணும். சென்னையில குடியிருக்கிற நம்ம ஊர்ப் பெண்கள்ல யாரு அவசரத்துக்கு உதவுவாங்களோ, அவங்க சம்மதத்தோட அவங்க எண்ணையும் எழுதணும்.

இரண்டு, ஒவ்வொரு குழுவும் மே மாசக் கூட்டத்துல, பன்னிரண்டாவது முடிச்ச பிள்ளை யாரு வீட்டுல இருக்குன்னு கேட்டு, விடுதி அட்வான்ஸுக்கு உள்கடன் ஒதுக்கணும். 12 பேர் குழுவுல ஆளுக்கு மாசம் 200 ரூபாய் சேமிச்சா வருஷத்துக்கு 28,800 ரூபாய். இதுல ஒரு பிள்ளைக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியாதா? திருப்பிக் கட்டுறதை தை, மாசி அறுவடைக்கு வச்சுக்கலாம். அரசுப் பள்ளியில ஆறாவதுலேருந்து பன்னிரண்டாவது வரைக்கும் படிச்ச பெண்களுக்கு 2022 செப்டம்பர்ல தொடங்கின புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் பிள்ளை கணக்குக்கே வருது. மூணு வருஷத்துக்கு 36,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்ச பொண்ணுங்களையும் அப்புறம் சேர்த்தாங்க. பையன்களுக்கு 2024-லேருந்து தமிழ்ப் புதல்வன் திட்டம். அதனால இது திரும்பி வராத கடன் இல்ல.

மூணு, முதல் தடவை போற பொண்ணோட, அம்மாவுக்கு ஊர் தெரியலன்னா, போய் வந்த அனுபவம் உள்ள ஒரு உறுப்பினர் கூடப் போகணும். நான் வரத் தயார். இன்னும் நாலு பேர் பேர் கொடுத்தா போதும்.

மாடு வாங்க, வட்டிக்காரன்கிட்டேருந்து நகையை மீட்க, கடை வைக்க எல்லாத்துக்கும் நம்ம குழு கை கொடுத்திருக்கு. அடுத்த ஜூன்ல, தங்க இடம் இல்லன்னு நம்ம கூட்டமைப்புல ஒரு பொண்ணு கூட வீட்டுல நிக்கக் கூடாது. இதை இன்னைக்கே தீர்மானமாப் போட்டு, எல்லாரும் கையெழுத்துப் போடணும்னு கேட்டுக்கிறேன்.